கயிறு பிடித்த கை

ஷேர் ஆட்டோக்காரன் சவுக்குத் தோப்பு முடிகிற இடத்திலேயே இறக்கிவிட்டான். அதற்கு மேல் மணல், சக்கரம் சிக்கிக்கொள்ளும் என்றான். சதுரங்கப்பட்டினத்தில் ஏறும்போது "குப்பத்து வாசல்லயே வுட்டுடுறேம்மா" என்று வாய் நிறையச் சொன்னவன்தான். சின்னப்பொண்ணு அவனை நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பாள். மூட்டைகள் வண்டிக்குள் இருந்ததால் பொறுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துத் திரும்பினால் ஆட்டோ போய்விட்டிருந்தது.

அரிசி ஒரு பை, வேர்க்கடலை ஒரு பை, முறுக்குத் தூக்கு, வளையல் பொட்டலம், எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் புளி மூட்டை. மாசியில் உலுக்கிய புதுப்புளி. கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்து, உருண்டை உருண்டையாகப் பிடித்துக் கட்டியிருந்தாள். அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே தள்ளியிருக்கிற அவள் ஊரில் கொல்லைப் புளியமரம் இந்த வருஷம் அப்படிக் காய்த்திருந்தது. பெண்ணைக் கொடுத்த ஊருக்கு முதல் தடவையாகப் போகிறவள் கையை வீசிக்கொண்டா போவாள்?

கொடுத்த ஊர் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். யாரும் கொடுக்கவில்லை. மறைமலைநகர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போன ரேணுகா, அங்கே கூட வேலை செய்த கடற்கரைப் பையன் சரவணகுமாரைத் தானாகவே கட்டிக்கொண்டாள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்ட அவள் அப்பா முனிசாமி, மகளிடம் இன்னும் திறக்கவில்லை. சின்னப்பொண்ணு மட்டும் அவருக்குத் தெரியாமல் போனில் பேசுவாள். அவருக்குத் தெரியாமல் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். அவள் போனை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனால் அவர் தெருப்பக்கம் போய்விடுவார்.

போன வாரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, மாட்டிடம் சொல்வதுபோல முனிசாமி சொன்னார். "ஏழாம் மாசம் முடியப்போவுது. எட்டுல அழைச்சிகினு வர மாட்டாங்க. தலப்பிரசவம். போயி இட்டாந்துரு." அந்த வெள்ளிக்கிழமையோடு ஏழு முடிகிறது. சின்னப்பொண்ணு புதன்கிழமையே புறப்பட்டுவிட்டாள்.

மூட்டைகளைக் கொஞ்சம் தலையிலும் கொஞ்சம் இடுப்பிலும் ஏற்றிக்கொண்டு புன்னைமேட்டுக்குப்பத்துக்குள் நுழைந்தாள். இரண்டு பக்கமும் சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த ஒரே மாதிரி வீடுகள். கடல் கண்ணில் படவில்லை, சத்தம் மட்டும் வந்தது. ஒரு வீட்டு வாசலில் ஒருத்தி படுதாவில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, சரவணகுமார் வூடு எது?"

அவள் நிமிர்ந்தாள். சின்னப்பொண்ணின் முகத்தைப் பார்த்தாள், மூட்டைகளைப் பார்த்தாள். வாய் திறக்கப்போவதுபோல இருந்தது. பிறகு குனிந்து நெத்திலியைப் புரட்ட ஆரம்பித்துவிட்டாள்.

காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டீக்கடையில் கேட்டாள். டீக்கடைக்காரர் அடுப்பைக் கூட்டிவைத்தார். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஆண்களிடம் கேட்டாள். ஒருவன் கையைத் தூக்கப்போக, பக்கத்திலிருந்தவன் அவன் முழங்கையைத் தட்டினான். சின்னப்பொண்ணுக்கு ரத்தம் கொதித்தது. அவள் ஊரில் யாராவது வீடு கேட்டால் நாலு பேர் கூடவே வந்து கொண்டுவிட்டு, எதற்கு வந்தீர்கள், என்ன உறவு என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போவார்கள். இங்கே என்ன திமிர் இது? கடலைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு மனுஷரைப் பார்த்தால் கண் தெரியாதோ?

கடைசியில் வீட்டைக் காட்டிக்கொடுத்தது ஒரு புடவைதான். கடைசி வரிசையில் ஒரு கொடியில் மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை போட்ட புடவை காய்ந்துகொண்டிருந்தது. தீபாவளிக்கு அவளே முனிசாமிக்குத் தெரியாமல் வாங்கி அனுப்பியது.

ரேணுகா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அழுதாள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை, சின்னப்பொண்ணும் அழுதாள். ஆனால் மகள் அழுத அழுகை கொஞ்சம் நீளமாக இருந்ததைத் தாய் கவனித்தாள்.

"இன்னாடி ஊரு இது? வூடு கேட்டா ஒரு ஜனம் வாயத் தொறக்கல."

"அவங்களுக்கு வேலம்மா."

"நெத்திலி பொரட்றதுக்கு வாயி எதுக்குடி?"

ரேணுகா மூட்டைகளை உள்ளே இழுத்தாள். புளி மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். "இவ்ளோ புளி யாருக்கும்மா?"

"இன்னா கேள்வி இது? அக்கம்பக்கத்துல நாலு வூட்டுக்குக் குடு. எங்கம்மா வூட்டுப் புளின்னு சொல்லிக் குடு. மீன் கொழம்பு வைக்கிற ஊர்ல புளி வேணாம்பாங்களா?"

"வாங்க மாட்டாங்கம்மா" என்றாள் ரேணுகா. அதற்கு மேல் அவளால் மறைக்க முடியவில்லை.

விஷயம் இவ்வளவுதான். புன்னைமேட்டுக்குப்பம் சுருக்குமடி வலை வேண்டாம் என்று கோயில் முன்னால் சத்தியம் செய்த ஊர். அந்த வலை பெரிய மீன், சின்ன மீன், குஞ்சு என்று பார்க்காமல் வளைத்து அள்ளிக்கொண்டு போய்விடும். கம்பெனி வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்ட சரவணகுமார், அதை வைத்திருந்த ஒரு வெளியூர்ப் படகில் கூலிக்குப் போய்விட்டான். ஊர் கூடிக் கேட்டது. ஊர் உட்காருகிற வலைமேட்டில் வந்து நின்று தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னது. அவன் வரவில்லை. பொங்கலுக்கு முன்னாலிருந்து அந்த வீட்டோடு பேச்சு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. கடையில் சாமான் இல்லை, குழாயடியில் அவர்கள் வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். சண்டை போட்டாலாவது பரவாயில்லை. சண்டையும் ஒரு பேச்சுத்தானே.

சாயங்காலம் சம்பந்தி கன்னியம்மா வந்தாள். முன்பெல்லாம் குப்பத்துப் பெண்களோடு சேர்ந்து ஆட்டோ பிடித்து மீன் விற்கப் போனவள், இப்போது சதுரங்கப்பட்டினத்தில் கருவாடு வாங்கித் தனியாகத் தெருத்தெருவாக விற்கிறாள். அலுமினியக் கூடையை இறக்கிவைத்த கையோடு பேச ஆரம்பித்தாள். பஸ்ஸில் இடம் கிடைக்காதது, ஒரு வீட்டில் நாய் துரத்தியது, தன் முழங்கால் வலி, செத்துப்போன புருஷனின் கோபம், அவருக்குப் பிடித்த மீன். நிறுத்தவே இல்லை. சின்னப்பொண்ணுக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். அவளுக்கே இடையில் ஒரு வார்த்தை போட இடம் கிடைக்கவில்லை.

"உங்களுக்குத் தொண்ட காயாதா சம்மந்தி?"

"காஞ்சி போய்த்தான் கெடக்குது" என்றாள் கன்னியம்மா. "பேசறதுக்கு ஆளு வந்தா வுடுவனா? நீங்க தூங்கிட்டாலும் பேசிகினுதான் இருப்பேன்." சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சரவணகுமார் கை முழுக்க வெள்ளை பெயின்ட்டோடு வந்தான். கட்டடங்களுக்கு பெயின்ட் அடிக்கப் போகிறான். "வாங்கத்த" என்றான். குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. மீன்பிடிக்கிற ஊரில் விருந்தாளிக்கு, கடையில் வாங்கிய கருவாடு. கன்னியம்மாவுக்கு அதுதான் பெரிய அவமானமாக இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு துண்டு கூடப் போட்டாள்.

சின்னப்பொண்ணு மருமகனை விடவில்லை. "ஏன் தம்பி, போயி நின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தா இன்னா கொறஞ்சிடும்?"

"தப்பு தப்புதான் அத்த. நான் இல்லன்னு சொல்லல. அந்த வலையில குஞ்சு மீனு குவிஞ்சி கெடந்தத என் கையாலதான் அள்ளினேன். பாக்க சகிக்கல. அடுத்த நாளு போவல."

"அத்தயே ஊர்கிட்ட சொல்றது."

"நான் மட்டுமா போனேன்? நாலு பேரு போனோம். மத்தவனுக்கெல்லாம் அண்ணன் தம்பி கீறான், மாமன் கீறான். எனக்கு நைனா இல்ல. பொண்டாட்டி வெளியூரு. பேரு என்னுது மட்டும் வந்துது. நாலு பேரயும் நிக்க வைக்கட்டும், நானும் நிக்கிறேன்."

"இவனும் சொல்ல மாட்டான், ஊரும் கேக்காது" என்றாள் கன்னியம்மா. "நடுவுல நான் செவுத்துகிட்ட பேசிகினு கீறேன்."

சாப்பிட்டு முடிந்ததும் தாயும் மகளும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். கடலில் இருந்து ஈரக்காற்று வந்தது. பக்கத்து வீட்டில் நெத்திலிக்காரி, பிரபா என்று பெயராம், பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. ரேணுகா கல்யாணம் ஆகி வந்த புதிதில் ஆய்ந்து கழுவி மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தானாம்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள கௌம்பணும். துணிய எடுத்து வையி" என்றாள் சின்னப்பொண்ணு.

"நான் வரலம்மா."

"இன்னாடி சொல்ற?"

"இந்த வூட்ல பேசறதுக்கு மூணு பேரு கீறோம். நான் வந்துட்டா ரெண்டு. அவரு காலையில போனா பொழுது சாஞ்சிதான் வர்றாரு. அத்த ஒண்டியா இன்னா பண்ணும்? நீயே பாத்தியே, எப்டிப் பேசுது. நாலு நாளு யாரும் பேசலன்னா அது பேஜாராயிடும்மா."

"உனக்கு ஒண்ணு ஆனா யாருடி கேப்பாங்க இங்க? ஆஸ்பத்திரிக்குக் கூப்புட ஒரு ஆட்டோவுக்குச் சொல்ல ஆளு இல்ல. அங்க வந்தா நாங்க கீறோம்."

ரேணுகா சத்தம் போடாமல் கேட்டாள். "அங்க மட்டும் இன்னாம்மா? இந்த ஊரு பொங்கல்லேர்ந்துதான் பேசல. அப்பா?"

சின்னப்பொண்ணுக்கு அது பிடரியில் அடித்ததுபோல இருந்தது. காலையிலிருந்து இந்த ஊர் ஜனங்களை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருந்தாள். தன் வீட்டில் ஒரு ஆள் இத்தனை காலமாக அதையே செய்துகொண்டிருக்கிறான், அவனுக்கு மூன்று வேளையும் சோறு போட்டுக்கொண்டு, அவன் தெருப்பக்கம் போகும்வரை காத்திருந்து போன் பேசிக்கொண்டு, தானும் அதற்கு ஒத்தாசையாக இருந்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மகளின் தலையை மடியில் இழுத்துச் சாய்த்துக்கொண்டாள்.

விடியற்காலையில் விழிப்பு வந்துவிட்டது. வீட்டில் இருந்தால் மாடு கறக்கிற நேரம். சும்மா படுத்திருக்கத் தெரியாதவள், முகம் கழுவிக்கொண்டு கடலைப் பார்க்கலாம் என்று போனாள்.

கரையில் ஊரே நின்றிருந்தது. ஊருக்குப் பொதுவான பெரிய வலையை இறக்கியிருந்தார்கள். படகில் வலையை ஏற்றிப்போய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிறுகளையும் கரையில் நின்று இழுக்க வேண்டும். ஆணும் பெண்ணுமாக இரண்டு வரிசை. பின்னால் நடந்து நடந்து இழுத்து, மேட்டுக்கு வந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் ஓரத்தில் மறுபடி பிடித்தார்கள். கடலுக்குள் மிதவைகள் வில்லாக வளைந்து தெரிந்தன. வலை கனத்திருந்தது. வடக்குப் பக்கக் கயிற்றில் ஆள் போதவில்லை. இழுத்த அடியைக் கடல் திரும்பப் பிடுங்கிக்கொண்டே இருந்தது, பிரபா மணலில் முழங்கால் போட்டு விழுந்தாள்.

சின்னப்பொண்ணு அதற்குமேல் யோசிக்கவில்லை. ஏற்றம் இறைத்த வீட்டில் பிறந்தவள், நாற்றுக்கட்டும் நெல்மூட்டையும் தூக்கியே கை காய்த்தவள். ஆள் குறைகிற இடத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது அவளுக்குப் பழக்கமில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்ப் பிரபா விட்ட இடத்தில் கயிற்றைப் பிடித்தாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று அந்தக் கரையில் மற்ற எல்லோருக்கும் தெரியும். பெரிய வலைக் கயிற்றில் கை வைத்தவருக்குப் பங்கு உண்டு. சாதி, ஊர், ஆண், பெண் எதுவும் கிடையாது. மாமல்லபுரத்திலிருந்து சைக்கிளில் வந்த ஒரு வெள்ளைக்காரன் விளையாட்டுக்காகக் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு, கடைசியில் கையில் கொடுத்த மீனை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்ற கதையை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். பிடித்த கைக்குப் பங்கு போடாமல் கரையை விட்டு மீன் போகாது. ஆகவே வேண்டாதவர்களைக் கயிற்றைத் தொடவே விடக் கூடாது. தொடாதே என்று வாயால் சொல்ல வேண்டும்.

அங்கேதான் சிக்கல். இவள் எந்த வீட்டு விருந்தாளி என்று நேற்றே குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"கயித்த வுடச் சொல்லுங்கய்யா" என்று குமார் என்றொரு ஊர்ப் பையன் கத்தினான். இளந்தாரி, ஊர்க் கட்டுப்பாட்டில் ரொம்பக் கறார். வானத்தைப் பார்த்துத்தான் கத்தினான்.

"யாரு சொல்றது? நீயே சொல்லேன்" என்றார் முன்னால் இழுத்துக்கொண்டிருந்தவர்.

"நான் எப்டி மச்சான் சொல்றது? பேசக் கூடாது இல்ல."

"அப்போ மூடிகினு இழு."

தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பதுகூடச் சின்னப்பொண்ணுக்குத் தெரியவில்லை. அவள் கவனமெல்லாம் கயிற்றில் இருந்தது. குதிகாலை மணலில் ஊன்றி, முன்னால் இருந்தவர்களின் மூச்சோடு மூச்சாக இழுத்தாள். உள்ளங்கை எரிந்தது. உப்புக் கயிறு வைக்கோல் புரி மாதிரி இல்லை, தோலைச் சீவிக்கொண்டு போனது. மேட்டுக்கு வந்ததும் மற்றவர்களைப் பார்த்து அவளும் ஓடிப்போய் அலையோரத்தில் பிடித்தாள். வெயில் ஏறும் நேரத்தில் மீன் சேர்கிற வலையின் மடி கரைக்கு வந்தது. கவளை மீனும் காரப்பொடி மீனும், நடுநடுவே வாளையுமாகத் துள்ளிக்கொண்டு கிடந்தது. இந்த மாசியில் அவ்வளவு மீன் அதுவரை வந்ததில்லை என்று யாரோ சொன்னார்கள்.

மீனை வலைமேட்டில் கொட்டியதும் ஊர்த் தலைவரான நாட்டார் சின்னராசு பங்கு போட வந்தார். வழுக்கைத் தலையில் துண்டு, வெற்றிலை வாய். அந்த வீட்டோடு பேசக் கூடாது என்று பொங்கலுக்கு முன் கட்டுப்பாடு சொன்னவரும் அவர்தான். வலைக்கு ஒரு கூறு, படகுக்கு ஒரு கூறு, கோயிலுக்கு ஒரு கூறு என்று முதலில் ஒதுக்கிவிட்டு, வீட்டுப் பெயரைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு கூடையாகக் கொட்டினார். அவரவர் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். வரிசை சின்னப்பொண்ணிடம் வந்தது. சின்னராசு கூடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது எந்த வூட்டுப் பங்கு?" என்று மணலைப் பார்த்துக் கேட்டார்.

அள்ளிக்கொண்டு போனவர்கள் நின்று திரும்பினார்கள்.

குமார் முன்னால் வந்தான். "விருந்தாளிதானே. அச்சரப்பாக்கம்னு சொல்லிப் போட்டுடு மாமா. கயித்துக்கும் கொற இல்ல, ஊரு கட்டுப்பாட்டுக்கும் கொற இல்ல."

சின்னப்பொண்ணுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. நேற்று மூட்டையோடு தெருத்தெருவாகத் திரிந்த கோபம், இரவில் மகள் கேட்ட கேள்வி, எல்லாம் சேர்ந்து வந்தது. ஆனால் சத்தம் போடவில்லை.

"த பாரு தம்பி. எனக்கு மீனு வேணும்னு கயித்தப் புடிக்கல. ஆளு பத்தலன்னு புடிச்சேன். நேத்து ராத்திரி நான் சோறு துன்னது எம்பொண்ணு வூட்ல. படுத்தது அங்க. காலையில மூஞ்சி கழுவினது அங்க. அந்தச் சோறு குடுத்த பலத்துலதான் இந்தக் கை இழுத்துது. அச்சரப்பாக்கத்துக்கு எப்டி அது பங்காவும்? போடுறதா இருந்தா சரவணகுமார் வூடுன்னு சொல்லிப் போடுங்க. இல்லன்னா கடல்லயே கொட்டிடுங்க. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல."

சின்னராசு கூடையைக் கீழே வைத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவருக்கும் வயசாகிவிட்டது. கன்னியம்மாவின் புருஷனும் அவரும் ஒரே கட்டுமரத்தில் தொழில் செய்தவர்கள். அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நடந்து அவருக்கும் கழுத்து வலித்திருக்க வேண்டும்.

"குடுக்கக் கூடாது, வாங்கக் கூடாதுன்னு இந்த ஊரு சொன்னது இந்தப் பொங்கலுக்கு" என்றார். "கயிறு புடிச்ச கைக்குப் பங்குன்னு யாரு சொன்னாங்க, எப்ப சொன்னாங்க, எனக்குத் தெரியாது. எங்க நைனாவுக்கும் தெரியாது. எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க."

ஆளாளுக்கு மீனைப் பார்த்தார்கள்.

"கேக்கறேன் இல்ல?"

"கயிறுதான் மாமா பெருசு" என்றது ஒரு பெண் குரல். பிரபா. விழுந்ததில் சிராய்த்த முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள். "இந்தக் கயித்துலயே ஆளு பாக்க ஆரம்பிச்சோம்னா நாளைக்கு யாரும் வந்து கை குடுக்க மாட்டாங்க."

சின்னராசு நிமிர்ந்தார். மற்ற வீடுகளுக்குச் சொன்ன அதே குரலில், கொஞ்சம் கூடவே உரக்க, "சரவணகுமார் வூடு" என்று சொல்லிக் கூடையைக் கவிழ்த்தார்.

மீன் மணலில் கிடந்தது. அள்ளத்தான் கை இல்லை. சின்னப்பொண்ணின் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தது. விரலை மடக்க முடியவில்லை. வேறு யாரும் தொட முன்வரவில்லை. அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள், படகுகளுக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் புறப்பட்ட கோலத்தில் சாப்பாட்டுப் பையோடு சரவணகுமார் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. பையை ஒரு படகில் மாட்டிவிட்டு வந்தான். பொங்கலுக்கு முன்னாலிருந்து கால் வைக்காத வலைமேட்டில் ஏறி, ஊர் முன்னால், நாட்டார் முன்னால் வந்து நின்றான்.

"வந்து நின்னா ஆச்சா? தப்புன்னு ஒரு வார்த்த சொல்லல" என்றான் குமார்.

"நாமதான் அவங்கிட்ட பேசறதில்லன்னு வச்சிகினோம்" என்றார் சின்னராசு. "கேக்காத கேள்விக்கு எவன்டா பதில் சொல்லுவான்?" பிறகு திரும்பி, இத்தனை நாளில் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார். "அந்த வலைக்கு இனிமே போவியாடா?"

"போவ மாட்டேன் மாமா." சரவணகுமார் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். "கூட வந்தவங்களும் போவ வேணாம்னு சொல்லுங்க."

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சின்னராசு அவர்களையும் ஒரு பார்வை பார்த்தார். "சொல்றேன். வெயில் ஏறுது, மீனு கெட்டுப்போவும். அள்ளிகினு போ. உங்க அத்த கைக்கு மஞ்சப் பத்து போடச் சொல்லு."

அவ்வளவுதான் பஞ்சாயத்து. ஊருக்கும் அலுத்துப்போயிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டில் கன்னியம்மா மீனைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு பேசுகிறவள் வாயடைத்துப்போய் அரிவாள்மனையைத் தேடினாள். ரேணுகா அம்மாவின் உள்ளங்கையில் மஞ்சள் பற்றுப் போட்டு ஊதிக்கொண்டிருந்தாள். அப்போது வாசலில் நிழல் விழுந்தது. பிரபா ஒரு கிண்ணத்தோடு நின்றாள். உள்ளே வரவில்லை.

"ரேணு, கொஞ்சம் புளி இருக்குதா? இவ்ளோ மீனு வந்துட்சு, வூட்ல புளி இல்ல."

ரேணுகா மஞ்சள் கையோடு எழுந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். கன்னியம்மாதான் சீறினாள். "இத்தினி நாளா புளி இல்லாமத்தான் துன்னியாடி நீ?"

"திட்டு பெரிம்மா, நல்லா திட்டு." பிரபாவின் கண் நிறைந்துவிட்டது. "ராத்திரியில நீ இருமற சத்தம் கேட்டுகினேதான் படுத்துகினு இருந்தேன். ஒரு சுக்குத் தண்ணி வச்சிக் குடுக்க முடியலியேன்னு எனக்குத் தூக்கமே புடிக்காது." சின்னப்பொண்ணைப் பார்த்தாள். "நேத்து நீங்க வூடு கேட்டப்போ வாய் வரிக்கும் வந்துட்சு யக்கா. முழுங்கிட்டேன். அப்புறம் சோறு எறங்கல."

சின்னப்பொண்ணு எழுந்து புளி மூட்டையைக் காலாலேயே வாசலுக்குத் தள்ளினாள். "கை ஆவல. நீயே எடுத்துக்கோ. பக்கத்து வூட்டுக்கும் வேணுமான்னு கேளு."

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருத்தியாகக் கிண்ணத்தோடு வந்தார்கள். எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் புளி தீர்ந்துபோயிருந்தது. வந்தவர்கள் போகவில்லை. ரேணுகாவின் வயிற்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று வாதாடினார்கள், முறுக்கைத் தின்றார்கள், முனிசாமி ஊரில் எத்தனை மாடு என்று கேட்டார்கள்.

"பிரசவத்துக்கு எப்ப கூட்டிகினு போறீங்க?" என்று பிரபா கேட்டாள்.

சின்னப்பொண்ணு மகளைப் பார்த்தாள். ரேணுகா மாமியாரைப் பார்த்தாள்.

"நீ போயிட்டு வாடி" என்றாள் பிரபா. "பெரிம்மாகிட்ட பேசத்தானே ஆளு வேணும்? நான் கீறேன். அது வாய மூடறதுக்குத்தான் ஆளு தேடணும்."

வாசலே சிரித்தது. ரேணுகாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அம்மாவிடம் மட்டும் கேட்கும்படி, "அங்க?" என்றாள்.

சின்னப்பொண்ணு போனை எடுத்து நீட்டினாள். விரல் மடங்காததால் மகளையே அழுத்தச் சொன்னாள். மணி அடித்தது. "அலோ" என்றார் முனிசாமி.

"இந்தாயா, எனக்குக் கை ஆவல, போனு புடிக்க முடியல. உம்பொண்ணு பேசுவா. நான் தெருப்பக்கம் போறேன்" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

ரேணுகா போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. மோட்டார் ஓடுகிற சத்தம், அதிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம். பிறகு மாடு ஒன்று கத்தியது. போனை வைத்துவிடுவாரோ என்று நினைத்தாள். வைக்கவில்லை.

"பஸ்ஸுல வேணாம்" என்றார் முனிசாமி. "குலுக்கும். நான் கார் வச்சிகினு நாளைக்குக் காலையில வரேன்."

"சரிப்பா."

மறுபடியும் மோட்டார் சத்தம். "வூடு எங்கன்னு எனக்குத் தெரியாதே" என்றார்.

ரேணுகா வாசலைப் பார்த்தாள். கிண்ணமும் கையுமாகப் பெண்கள் அடைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள், வெளிச்சம் உள்ளே வர வழியில்லை.

"குப்பத்துக்குள்ள வந்து யார வேணா கேளுப்பா" என்றாள். "சொல்லுவாங்க."